இரைப்பையில் பைலோரி தொற்று இருந்தால் மற்ற நுண்ணுயிர்கள் என்ன ஆகின்றன?

எண்டோஸ்கோபி செய்துகொண்ட ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்று இருக்கிறதென்று சொல்லி 14 நாள் மருந்து கொடுத்திருக்கிறார்கள். குடலைப் போலவே இரைப்பையிலும் நுண்ணுயிர்க் கூட்டம் உண்டு என்று படித்தேன். இந்தத் தொற்றுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் என்ன தொடர்பு? மருந்து சாப்பிட்டால் நல்ல கிருமிகளும் போய்விடாதா? எனக்குத் தொந்தரவு பெரிதாக இல்லை. அப்படியே விட்டுவிட்டால் என்ன?"

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர்பு நெருக்கமானது. ஆனால் கெட்ட கிருமி வந்து நல்ல கிருமிகளை விரட்டிவிட்டது என்று பலரும் நினைப்பதுபோல் அது நடப்பதில்லை. இரைப்பையில் எந்தக் கிருமி நிலைக்கலாம், எது நிலைக்கக் கூடாது என்பதை முடிவுசெய்வது அங்கே சுரக்கும் அமிலம். பைலோரி ஆண்டுக்கணக்கில் தங்கி, அமிலம் சுரக்கும் சுரப்பிகளைச் சிதைக்கும்போது அந்தத் தடை தளர்கிறது. அதுவரை வந்த வேகத்தில் செத்துக்கொண்டிருந்த கிருமிகள் நிலைத்துவிடுகின்றன. அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே தொற்றை ஒழித்துவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஆகவே மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன்.

இரைப்பையின் அமிலத்தில் எதுவும் உயிர்வாழாது என்றுதான் மருத்துவம் நீண்ட காலம் நம்பியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலர் இரைப்பையில் சுருள் வடிவக் கிருமிகளைப் பார்த்து எழுதியிருந்தார்கள். 1954-இல் அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரைப்பைத் திசுக்களை ஆராய்ந்துவிட்டு, அப்படி எதுவும் இல்லை என்று ஓர் ஆய்வு வெளியானதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நோய்க்குறியியல் மருத்துவர் ராபின் வாரன், சோதனைக்காகக் கிள்ளி எடுத்த பயாப்ஸித் திசுக்களில் வளைந்த கிருமிகளை மறுபடியும் கண்டார். அவரோடு சேர்ந்துகொண்ட இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அந்தக் கிருமியை ஆய்வகத்தில் வளர்க்கப் பெரும்பாடு பட்டார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையின்போது வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதலான நாட்கள் உள்ளேயே இருந்துவிட, திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அது மெதுவாக வளர்வது. அதுவரை யாரும் அவ்வளவு நாள் காத்திருக்கவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கலவையைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி வந்தது, பயாப்ஸியில் இரைப்பை அழற்சி தெரிந்தது. அந்த வாந்தியில் அமிலம் இல்லை என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொற்று வந்த முதல் நாட்களிலேயே அமிலத்தில் கை வைத்துவிடுகிறது. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகு மருத்துவ உலகம் வேறொரு பக்கம் சாய்ந்தது. இரைப்பையில் எதுவும் இல்லை என்ற நம்பிக்கை போய், பைலோரி மட்டுமே இருக்கிறது என்ற நம்பிக்கை வந்தது. கிருமிகளை வளர்த்துப் பார்க்காமல், அவற்றின் மரபணுத் துண்டுகளை நேரடியாகப் படித்து அடையாளம் காணும் முறை வந்த பிறகுதான் மற்றவை வெளிச்சத்துக்கு வந்தன. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 23 பேரின் இரைப்பைத் திசுக்களில் 128 வகைப் பாக்டீரியாக்களின் தடயங்கள் கிடைத்தன. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், பிரிவோடெல்லா, வெய்லோனெல்லா, ரோத்தியா, ஹீமோஃபிலஸ் போன்றவைதான் இரைப்பையில் அடிக்கடி தென்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை வாயிலும் தொண்டையிலும் வாழ்பவை.

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஒரு நாளில் நாம் விழுங்கும் உமிழ்நீர் மட்டும் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை இருக்கும். அதோடு வாயின் கிருமிகள் இடைவிடாமல் இரைப்பைக்குள் இறங்குகின்றன. டி.என்.ஏ. சோதனைக்கு உயிருள்ள கிருமிக்கும் செத்த கிருமிக்கும் வித்தியாசம் தெரியாது. இரைப்பையில் கிருமிகளின் எண்ணிக்கையும் குறைவு: பெருங்குடலில் ஒரு கிராமுக்குப் பல ஆயிரம் கோடி என்றால், ஆரோக்கியமான இரைப்பையின் நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில நூறு முதல் சில ஆயிரம் வரைதான். இவ்வளவு குறைவாக இருக்கும்போது, எண்டோஸ்கோபிக் குழாய் வாய்வழியே போகையில் ஒட்டிக்கொண்டதும், ஆய்வகத்தின் இரசாயனங்களில் இருந்த டி.என்.ஏ.யும்கூட முடிவுகளில் புகுந்துவிடும். ஆகவே "இரைப்பையில் இத்தனை வகைக் கிருமிகள் வாழ்கின்றன" என்று படித்தால், அதில் குடியிருப்பவை எத்தனை, கடந்துபோகிறவை எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் வரும் பெரிய அறிவிப்புகளில் பல இந்தக் கேள்வியிலேயே தடுமாறுகின்றன.

பைலோரி அப்படிக் கடந்துபோகிற கிருமி அல்ல. அது இரைப்பையில் வாழ்வதற்கென்றே அமைந்தது. வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் பி.எச். அளவு 1 முதல் 2 வரை இருக்கும். ஆனால் இரைப்பைச் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தின் அடியில், செல்களை ஒட்டிய இடத்தில், அமிலம் கிட்டத்தட்ட நடுநிலைக்கு வந்துவிடுகிறது. பைலோரி போய்ச் சேர வேண்டிய இடம் அது. அதுவரை உயிரோடு இருக்க அதற்கு யூரியேஸ் என்ற நொதி உதவுகிறது. நம் உடலிலிருந்து இரைப்பைக்குள் வரும் யூரியாவை இந்த நொதி அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைக்கிறது. அம்மோனியா அமிலத்தை முறிக்கிறது. கிருமியின் சவ்வில் யூரியாவை உள்ளே விடும் ஒரு கால்வாய் இருக்கிறது. வெளியே அமிலம் ஏறினால் மட்டும் அது திறக்கும், அமிலம் குறைந்தால் மூடிக்கொள்ளும். இல்லையென்றால் அம்மோனியா மிகுந்து கிருமியே செத்துவிடும். அம்மோனியாவால் சுற்றியுள்ள சளியின் அமிலத்தன்மை குறையும்போது, கெட்டியாக இருந்த சளி இளகுகிறது. கிருமி அதன் வழியே நீந்திப் போகிறது. உள்ளே போனபின் சளியில் மட்டுமல்லாமல் சுரப்பிகளின் குழிகளுக்குள்ளும் சிறு சிறு கூட்டங்களாகத் தங்குகிறது. சுண்டெலிகளில் செய்த ஆய்வில், முதலில் வந்து குழிகளைப் பிடித்துக்கொண்ட பைலோரி, பின்னால் வந்த பைலோரிக்கே இடம் தரவில்லை.

இந்த யூரியேஸை எண்டோஸ்கோபி அறையிலேயே கண்ணால் பார்க்கலாம். இரைப்பையிலிருந்து அரிசி முனை அளவுக்குக் கிள்ளி எடுத்த திசுவை, யூரியாவும் நிறங்காட்டியும் கலந்த மஞ்சள் நிறக் கூழில் வைப்பார்கள். பைலோரி நிறைய இருந்தால் திசுவைச் சுற்றி முதலில் ஓர் இளஞ்சிவப்பு வளையம் தோன்றும். பிறகு கூழ் முழுவதும் சிவந்துவிடும். அதே திசுவைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், செல்களின் மேல் விளிம்பை ஒட்டிச் சளிக்குள் வளைந்த சிறு கோல்களாகப் பைலோரி மொய்த்திருக்கும். மற்ற இனங்கள் அங்கே அரிதாகவே கண்ணில் படும்.

இனி உங்கள் கேள்வியின் நடுப்பகுதி. பைலோரி வந்தால் மற்றவை குறைகின்றனவா? தொற்று உள்ளவர்களின் திசுவில் கிடைக்கும் பாக்டீரிய மரபணுத் துண்டுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பைலோரியுடையதாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. இதை வைத்துத்தான் "பன்மை அழிந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள். பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தில் புதிதாகத் தொண்ணூறு பேர் நுழைந்தால், பழைய பத்துப் பேர் விழுக்காட்டில் நூறிலிருந்து பத்துக்கு இறங்கிவிடுவார்கள்; ஒருவரும் வெளியேறியிருக்க மாட்டார்கள். விழுக்காட்டை மட்டும் தரும் ஆய்வைப் படிக்கும்போது இந்த எச்சரிக்கை வேண்டும். மேலே சொன்ன 2006 ஆய்வில், பைலோரியைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பார்த்தபோது, தொற்று உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மற்ற கிருமிகளின் அமைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பின்னால் வந்த சில ஆய்வுகள் வேறுபாடு இருப்பதாகச் சொல்கின்றன. என் கணிப்பில், இரைப்பையின் சுரப்பிகள் நன்றாக இருக்கும் வரை பைலோரி மற்ற கிருமிகளை நேரடியாகப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. இரு தரப்பும் வாழும் இடமே வேறு: பைலோரி சளியின் ஆழத்தில், மற்றவை பெரும்பாலும் அதற்கு மேலே.

மாற்றம் வருவது அமிலம் மாறும்போது. அது எந்தப் பக்கம் மாறும் என்பது அழற்சி எங்கே வேரூன்றுகிறது என்பதைப் பொறுத்தது. சிறுகுடலை ஒட்டிய கீழ்ப்பகுதியில் மட்டும் அழற்சி தங்கினால், அமிலச் சுரப்பை அடக்கும் சோமட்டோஸ்டேடின் ஹார்மோன் குறைந்து, அதைத் தூண்டும் காஸ்ட்ரின் கூடிவிடுகிறது. அமிலம் மிகுந்து முன்சிறுகுடலில் புண் வருகிறது. அழற்சி இரைப்பையின் நடுப்பகுதிக்குப் பரவினால் அமிலம் சுரக்கும் செல்களே அழிகின்றன, அமிலம் குறைகிறது. முன்சிறுகுடல் புண் வந்தவர்களுக்கு இரைப்பைப் புற்றுநோய் வருவது குறைவு என்ற முரணுக்கு விளக்கம் இதுதான்.

இந்த இரண்டாவது பாதையைப் பெலாயோ கொர்ரியா என்ற நோய்க்குறியியலாளர் 1975-லேயே, பைலோரி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, வரைந்து காட்டினார். அழற்சி, பிறகு சுரப்பிகள் தேய்வது, பிறகு இரைப்பைச் செல்கள் குடல் செல்களைப் போல மாறுவது, பிறகு செல்களின் ஒழுங்கு குலைவது, கடைசியில் புற்றுநோய். இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலானவர்கள் கடைசிப் படிவரை போவதே இல்லை. சுரப்பி தேய்ந்து அமிலம் குறைந்ததும் வாயிலிருந்து இறங்கும் கிருமிகள் சாகாமல் தங்கிப் பெருகுகின்றன என்றும், அவை நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி, அதிலிருந்து டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் நைட்ரஜன் சேர்மங்கள் உருவாக வழிசெய்கின்றன என்றும் அவர் கருதினார். பின்னாளில் புற்றுநோய்த் திசுக்களில் செய்த மரபணு ஆய்வுகள், நைட்ரேட்டை மாற்றும் திறன் கொண்ட பாக்டீரியாக்கள் அங்கே கூடியிருப்பதைக் காட்டின. அந்தச் சேர்மங்களே மனிதரில் புற்றுநோய்க்குக் காரணமா என்பதற்கான சான்று இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் அமிலம் குறைந்தால் கூட்டம் மாறும் என்ற பகுதி உறுதியானது.

இதில் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கட்டத்தில் பைலோரியே மறையத் தொடங்குகிறது. குடல் செல்களைப் போல மாறிவிட்ட பரப்பில் அதனால் ஒட்டிக்கொண்டு வாழ முடிவதில்லை; அமிலமில்லாத இரைப்பையில் புதிதாக வந்த கிருமிகளோடு போட்டியும் போட வேண்டியிருக்கிறது. அதனால் புற்றுநோய் வந்தவரின் திசுவில் பைலோரி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம். மஞ்சள் கூழ் சிவக்காமல் போகலாம். "சோதனையில் பைலோரி இல்லை, ஆகவே பைலோரி காரணமில்லை" என்று முடிவுகட்டினால் பிழையாகிவிடும்.

புதிதாக வந்தவை வெறுமனே இடத்தை நிரப்புகின்றனவா, கேட்டுக்கும் துணைபோகின்றனவா? இதற்கு எனக்கு மிகவும் நம்பகமாகத் தோன்றும் சான்று சுண்டெலிகளிடமிருந்து வருகிறது. காஸ்ட்ரின் மிகையாகச் சுரக்கும்படி மரபணு மாற்றப்பட்ட ஒரு வகைச் சுண்டெலிக்குப் பைலோரி தொற்றினால் சில மாதங்களில் இரைப்பைப் புற்றுநோய் வரும். அதே வகைச் சுண்டெலியை வேறு எந்தக் கிருமியும் இல்லாத சூழலில் வளர்த்துப் பைலோரியை மட்டும் கொடுத்தபோது, நோய் வந்தாலும் தாமதமாகவும் குறைவாகவும் வந்தது. பிறகு சாதாரணமாகக் குடலில் வாழும் மூன்றே மூன்று பாக்டீரிய இனங்களைச் சேர்த்தார்கள். முழு நுண்ணுயிர்க் கூட்டமும் இருந்தபோது ஏற்பட்ட அளவுக்கே நோய் முற்றியது. அந்த மூன்றில் ஒன்று லாக்டோபாசிலஸ். தயிர், மாத்திரை என்று எல்லா இடத்திலும் நல்ல கிருமி என்று பெயர் வாங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது அது. குடலில் இருக்கும்போது தீங்கில்லாத கிருமி, அமிலம் குறைந்து அழற்சியில் கிடக்கும் இரைப்பையில் வேறு மாதிரி நடந்துகொள்ளக்கூடும். கிருமிகளை நல்லவை, கெட்டவை என்று பிரித்துவைப்பதில் எனக்கு நம்பிக்கை போனதற்கு இதுவும் ஒரு காரணம். அண்மையில் வாய்க்கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஆன்ஜினோசஸ் மீது கவனம் குவிந்திருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயாளிகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது. 2024-இல் வெளியான ஆய்வில், அதைச் சுண்டெலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தபோது இரைப்பை அழற்சியும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களும் தோன்றின.

மனிதரிடம் இதைச் சோதனையாகச் செய்ய முடியாது. ஆனால் கொலம்பியாவின் தென்மேற்கில் நரிஞோ மாநிலம் இயற்கையாகவே ஓர் ஒப்பீட்டைத் தந்திருக்கிறது. ஆண்டீஸ் மலைமேல் உள்ள துக்கேரெஸ், பசிபிக் கடலோரத்தில் உள்ள துமாகோ ஆகிய இரண்டு ஊர்களிலும் பத்தில் ஒன்பது பேருக்குப் பைலோரி இருக்கிறது. ஆனால் மலையூரில் இரைப்பைப் புற்றுநோய் கடலோரத்தைவிட ஏறத்தாழ 25 மடங்கு அதிகம். இரு ஊர் மக்களின் இரைப்பையிலும் பைலோரி அல்லாத கிருமிகளின் அமைப்பு வேறுபடுவதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அதை மட்டும் காரணமாக்கிவிட நான் தயாரில்லை. கடலோரத்தில் குடற்புழுத் தொற்று அதிகம். அது அழற்சியின் போக்கையே மாற்றக்கூடியது. மலையூர் மக்களின் மூதாதையர் பெரும்பாலும் அமெரிக்கப் பழங்குடியினர், அவர்களிடம் உள்ள பைலோரியோ வேறு கண்டங்களிலிருந்து வந்த வம்சம். அந்தப் பொருத்தமின்மை நோயைக் கடுமையாக்குகிறது என்பதற்கும் வலுவான சான்று இருக்கிறது. பைலோரி மட்டும் விதியைத் தீர்மானிப்பதில்லை என்ற அளவுக்குத் துக்கேரெஸும் துமாகோவும் சொல்வதை ஏற்கலாம். காக்-ஏ என்ற புரதத்தை நம் செல்லுக்குள் ஊசி போடுவதுபோல் செலுத்தும் பைலோரி ரகங்கள் மற்றவற்றைவிட ஆபத்தானவை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

அமிலம் குறைவதற்குத் தொற்று மட்டும்தான் காரணம் என்றில்லை. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை மாதக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களின் இரைப்பையிலும் வாய்க்கிருமிகள் பெருகுகின்றன. பைலோரி இருக்கும்போது இவற்றை நீண்ட நாள் எடுத்தால் கீழ்ப்பகுதியில் இருந்த கிருமி நடுப்பகுதிக்கு நகர்ந்து அங்கே அழற்சியைக் கூட்டுகிறது. ஆகவே நெடுநாள் மாத்திரை தேவைப்படுகிறவர்கள் முதலில் பைலோரிக்குச் சோதித்துக்கொள்வது நல்லது.

"பைலோரி மனிதரின் பழைய துணை, அதை ஏன் கொல்ல வேண்டும்?" என்றும் ஒரு வாதம் உண்டு. பழையதுதான். ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஊட்ஸி என்ற மனிதரின் இரைப்பையிலும் அது இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர் புறப்பட்டபோதே அவர்களோடு புறப்பட்டது என்று மரபணுக்கள் காட்டுகின்றன. பைலோரி உள்ளவர்களுக்கு ஆஸ்துமாவும் உணவுக்குழாயில் அமிலம் ஏறும் தொல்லையும் சற்றுக் குறைவு என்று சில கணக்கெடுப்புகள் சொல்கின்றன. வேறு சில அப்படிச் சொல்லவில்லை. பழைய துணை என்பதால் தீங்கில்லாதது ஆகிவிடாது. தொந்தரவு இல்லாவிட்டாலும் தொற்று உள்ள எல்லோருக்கும் இரைப்பையில் அழற்சி இருக்கிறது. நூறில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை அது புற்றுநோயாகிறது. யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை.

மருந்தைப் பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். அமிலக் குறைப்பு மாத்திரையோடு இரண்டு மூன்று ஆன்டிபயாடிக்குகளும், சில முறைகளில் பிஸ்மத் என்ற உலோக உப்பு மருந்தும் சேர்த்து 14 நாள் சாப்பிடும்போது குடலின் நுண்ணுயிர்க் கூட்டம் கலங்கத்தான் செய்யும். வயிறு உப்புசமும் பேதியும் வருவது சகஜம். அந்தக் கலக்கம் சில வாரங்களிலிருந்து ஓராண்டுக்குள் பெருமளவு சீராகிவிடுவதைத் தொடர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரைப்பையைப் பொறுத்தவரை, பைலோரி போனபின் அங்குள்ள கூட்டம் தொற்றே இல்லாதவர்களுடையதை நோக்கி நகர்கிறது. நல்ல கிருமிகள் என்று விற்கப்படும் புரோபயாடிக் மாத்திரையைச் சேர்த்துக்கொண்டால் பேதி போன்ற பக்கவிளைவுகள் குறையலாம். பைலோரியை ஒழிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. பாதியில் மருந்தை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பைலோரி உலகெங்கும் பெருகிவருகிறது. அரைகுறையாகச் சாப்பிட்டால் அடுத்த முறை தேர்ந்தெடுக்க மருந்து குறைந்துவிடும்.

பலன் பெரியது. தைவானின் மாட்சு தீவுகளில் 2004 முதல் 30 வயதும் அதற்கு மேலும் ஆன மக்களைச் சோதித்துச் சிகிச்சை அளித்ததில், இரைப்பைப் புற்றுநோய் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் சுரப்பிகள் ஏற்கனவே தேய்ந்துவிட்டவர்களுக்கு இந்தப் பலன் முழுமையாகக் கிடைப்பதில்லை. அமிலம் திரும்பவில்லை என்றால் கூட்டமும் திரும்புவதில்லை.

அதனால் மருந்து முடிந்தபின் இரண்டு விஷயங்களை விட்டுவிடாதீர்கள். கடைசி ஆன்டிபயாடிக்கிலிருந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை மருத்துவரிடம் சொல்லி இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, யூரியா மூச்சுப் பரிசோதனை செய்யுங்கள். முன்னதாகச் செய்தால் ஒளிந்திருக்கும் கிருமி சோதனையில் அகப்படாமல் போகும். உங்கள் பயாப்ஸி அறிக்கையையும் எடுத்துப் பாருங்கள். சுரப்பித் தேய்வு என்றோ, குடல் செல் மாற்றம் என்றோ அதில் எழுதியிருந்தால், பைலோரி ஒழிந்த பிறகும் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எண்டோஸ்கோபி தேவை என்று உங்கள் மருத்துவரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.